பிளஸ் 1-இல் அறிவியல் எடுக்கலாமா? மாற்றுத்திறனாளி மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாளில் தொடங்கி, கல்லூரிக் கலந்தாய்வு முடியும் வரை ஒரே விதமான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். பார்வையற்ற மாணவர்களின் வீடுகளிலிருந்தே அதிகம் கேட்கிறார்கள். அதனால் பதில்களும் அங்கேதான் நீள்கின்றன.

என் மகனுக்குப் பார்வை இல்லை. கணக்கில் கெட்டிக்காரன். பள்ளியிலோ, "வரலாறு குரூப் எடுக்கட்டும், பி.ஏ., பி.எட். முடித்து ஆசிரியர் ஆகிவிடலாம்" என்கிறார்கள். அறிவியல் தரக் கூடாது என்று சட்டம் ஏதும் இருக்கிறதா?

இல்லை. சட்டம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையம் மாற்றுத்திறனாளி மாணவரைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், அவருக்குத் தேவையான ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. "எங்களிடம் வசதி இல்லையே" என்று பள்ளி கைவிரிக்க முடியாது. வசதியைச் செய்துகொடு என்றுதானே சட்டமே சொல்கிறது?

நடைமுறை வேறு மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. பார்வையற்றோருக்கான சிறப்புப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் பெரும்பாலும் கலைப் பிரிவுகளாகவே இருக்கின்றன. பொதுப் பள்ளிகளுக்கோ அனுபவம் இல்லை, பயம் இருக்கிறது. வரலாறு எடுக்கச் சொல்லும் ஆசிரியர் பெரும்பாலும் உங்கள் பிள்ளையின் நன்மையை நினைத்தே சொல்கிறார். எதிரியாக யாரும் நிற்காததால்தான் இதை எதிர்த்துப் பேசுவது கடினமாகிறது. பிளஸ் 2-வில் இயற்பியலும் கணிதமும் படிக்காதவர் பிறகு பி.எஸ்சி. இயற்பியலில் சேர முடியாது. பதினைந்து வயதில் பிறர் எடுத்த முடிவு அவரோடு வாழ்நாள் முழுவதும் வரும்.

எனவே சேர்க்கைக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடனேயே பல மறுப்புகள் இளகிவிடும். இளகாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கும் மேல் மாநில ஆணையர் இருக்கிறார்.

டெல்லியைச் சேர்ந்த பார்வையற்ற மாணவர் கார்த்திக் சாஹ்னி பதினோராம் வகுப்பில் அறிவியல் எடுப்பதற்கே சிபிஎஸ்இ-யுடன் போராட வேண்டியிருந்தது. 2013-இல் பிளஸ் 2 தேர்வில் அவர் பெற்றது 96 சதவீதம். ஐஐடி நுழைவுத் தேர்வு எழுத இங்கே வழி கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையோடு அவரை அழைத்துக்கொண்டது. இழப்பு யாருக்கு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பார்வையற்றவர்கள் அறிவியலில் உண்மையிலேயே இருக்கிறார்களா? மாற்றுத்திறனாளிகள் என்றாலே, சக்கர நாற்காலியில் வாழ்ந்த இயற்பியலாளர் ஹாக்கிங் போல ஒருவர் இருவர்தானே?

ஹாக்கிங் படத்தைச் சுவரில் மாட்டுவதால் ஒரு மாணவருக்கும் பயனில்லை. சாதித்தவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று பார்த்தால் பயன் உண்டு.

உயிரியலாளர் கீரட் வெர்மை நெதர்லாந்தில் பிறந்தவர். மூன்று வயதில் பார்வையை முழுவதும் இழந்தவர். அமெரிக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை புளோரிடாவிலிருந்து கொண்டுவந்த சங்குகளையும் கிளிஞ்சல்களையும் தடவிப் பார்த்ததில் தொடங்கியது அவருடைய ஆர்வம். ஆராய்ச்சிப் படிப்புக்காக யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, இவரால் முடியுமா என்று அங்கேயும் சந்தேகப்பட்டார்கள். ஆனால் வாய்ப் பேச்சில் வாதாடவில்லை. அருங்காட்சியக அறைக்கு அழைத்துப்போய் ஒரு சங்கைக் கையில் கொடுத்தார்கள். அவர் விரலால் தடவிப் பெயரைச் சொல்லிவிட்டார். இடம் கிடைத்தது. நண்டுகள் உடைத்துத் தின்ன முயன்ற தழும்புகளையும் ஓட்டின் தடிப்பையும் விரலால் படித்து, வேட்டையாடும் உயிர்களும் இரையாகும் உயிர்களும் ஒன்றையொன்று எப்படி மாற்றின என்று பிறகு விரிவாக எழுதினார். நம் தேர்வுக் குழுக்கள் அந்த யேல் நேர்முகத்தைப் பின்பற்றலாம்: வேலையைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொருவர் புனேயில் பிறந்த கணினி அறிவியலாளர் டி.வி.ராமன். பதினான்கு வயதில் கண்ணழுத்த நோயால் பார்வை போயிற்று. பம்பாய் ஐஐடியில் முதுகலை, பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். சிக்கலான கணிதச் சமன்பாடுகளைக் கணினி எப்படி வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதே 1994-இல் அவர் முடித்த ஆய்வேடு. தனக்கு இருந்த தடையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

சமன்பாடுகளை எப்படிப் படிப்பது? பிரெய்லில் எழுத்துதானே இருக்கும்?

கணிதத்துக்கென்று தனிப் பிரெய்ல் முறை உண்டு. உருவாக்கியவர் ஆபிரகாம் நெமெத், பிறவியிலேயே பார்வையற்றவர். கணிதம் உனக்கு வேண்டாம் என்று சொல்லி அவரை உளவியல் படிக்க வைத்தார்கள். (பாருங்கள், அங்கேயும் அதே கதைதான்.) கடைசியில் கணிதப் பேராசிரியராகவே ஆனார். அவருடைய முறை 1952-இல் வெளிவந்தது. பின்னம், வர்க்கமூலம், தொகையீடு எல்லாவற்றுக்கும் அதில் குறியீடு இருக்கிறது. இதை எட்டாம் வகுப்புக்குள் பழகிவிடுவது நல்லது. பிளஸ் 1-இல் தொடங்கினால், பாடத்தையும் குறியீட்டையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியிருக்கும்.

கணினித் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. மேத்கேட் என்ற இலவச இணைப்பைச் சேர்த்துவிட்டால், சரியாக உள்ளிடப்பட்ட சமன்பாட்டைத் துண்டுதுண்டாகப் பிரித்து வாசிக்கும். பின்னத்தின் தொகுதிக்குள் மட்டும் போய்ப் பார்க்கலாம், பகுதிக்குள் மட்டும் போய்ப் பார்க்கலாம். அதில் "சரியாக உள்ளிடப்பட்ட" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆசிரியர் கையால் எழுதி, செல்பேசியில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பும் குறிப்பு திரைவாசிப்பானுக்கு வெறும் படம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பும் அப்படித்தான். பழைய எழுத்துருக்களில் உருவான தமிழ் பிடிஎஃப்களோ இன்னும் மோசம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், திரைவாசிப்பானோ பொருளற்ற எழுத்துக் குவியலைப் படிக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். சமன்பாடுகளை வேர்டின் சமன்பாட்டுப் பெட்டியிலோ, சாதாரண எழுத்துகளாலேயே சமன்பாட்டைத் தட்டச்சு செய்யும் லாடெக் முறையிலோ எழுதுங்கள். லாடெக் தெரிந்த பார்வையற்ற மாணவர் தன் விடையையும் அதிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார். திருத்தும் ஆசிரியருக்குப் பிரெய்ல் தெரிந்திருக்கத் தேவையில்லை.

வகுப்பில் நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? நான் கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன்.

பேச்சை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே, "இதை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் இது அதோடு அடிபட்டுப் போகும், மிச்சம் இதுதான்" என்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு அந்த வாக்கியத்தைக் கேட்டுப் பாருங்கள். "ஒன்று பை எக்ஸ் பிளஸ் ஒன்று" என்றால் எக்ஸும் ஒன்றும் சேர்ந்து கீழே இருக்கின்றனவா, அல்லது ஒன்று தனியாக வெளியே நிற்கிறதா? "எக்ஸ் பிளஸ் ஒன்று முழுவதும் பகுதியில்" என்று சொல்லப் பழகிவிட்டால், கடைசி வரிசையில் இருக்கும் பார்வையுள்ள மாணவர்களுக்கும் தெளிவாகும்.

வரைபடங்களுக்கு விலை உயர்ந்த கருவி வேண்டும் என்று நினைக்காதீர்கள். ரப்பர் விரிப்பின்மேல் ஜெர்மன் ஃபிலிம் எனப்படும் பிளாஸ்டிக் தாளை வைத்துப் பால்பாயின்ட் பேனாவால் வரைந்தால் கோடு மேலெழும்பி நிற்கும், விரலால் பின்தொடரலாம். அதுவும் இல்லையென்றால் அட்டையில் பசை தடவி நூலை ஒட்டுங்கள். பரவளையம் எப்படி வளைகிறது என்று நூல் சொல்லிவிடும். அச்சிட்ட தொடுபடங்கள் வேண்டுமென்றால், டெல்லி ஐஐடியின் ஆய்விலிருந்து பிறந்த ரெய்ஸ்டு லைன்ஸ் அமைப்பு பாடநூல் படங்களைப் புடைப்பாக அச்சிட்டுத் தருகிறது.

ஆய்வகம்தான் பயமாக இருக்கிறது. அமிலம், நெருப்பு. செய்முறைத் தேர்விலிருந்து விலக்கு வாங்கிவிட்டால் என்ன?

விலக்கு பல வாரியங்களில் கிடைக்கும். மதிப்பெண்ணுக்கு அது உதவும். அறிவியலைத் தொழிலாகக் கொள்ள விரும்புகிறவர் அதை வாங்கவே கூடாது என்பது என் திடமான கருத்து. விலக்கு வாங்கிய மாணவர் பிளஸ் 2 வரை ஒரு பிப்பெட்டையும் தொட்டிருக்க மாட்டார். பிறகு கல்லூரியில், "இவருக்கு ஆய்வக அனுபவமே இல்லையே, எப்படி இடம் கொடுப்பது?" என்று கேட்பார்கள். முதல் சலுகையைக் காரணம் காட்டியே இரண்டாவது கதவை மூடுவார்கள். கேட்க வேண்டியது உள்ளே போய் வேலை செய்வதற்கான ஏற்பாட்டை.

அமில-கார நடுநிலையாக்கல் (டைட்ரேஷன்) பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ஃபீனாஃப்தலீன் நிறமற்றதிலிருந்து இளஞ்சிவப்பாகும் கணத்தைக் கண்ணால் பிடிப்பதுதான் வழக்கம். நிறம் ஒரு அடையாளம் மட்டுமே. அளக்க வேண்டியது நடுநிலையாகும் புள்ளியை. பேசும் பிஎச் மீட்டர் அதைச் சொல்லிவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற பார்வையற்ற வேதியியலாளர் கேரி சுபாலோ, சோதனைக் குழாய்க்குள் நேராக முக்கக்கூடிய ஓர் ஒளி உணரியை உருவாக்குவதில் பங்கெடுத்தார். கரைசலின் நிறம் மாறினாலோ வீழ்படிவு உருவானாலோ ஒலியின் சுருதி மாறும். பணமே இல்லாத பள்ளிக்கும் வழி உண்டு: வெங்காயச் சாறு. காரத்தில் அதன் வாசனை மறைந்துவிடும், அமிலத்தில் அப்படியே இருக்கும். இது நம் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே இருக்கிறது. எத்தனை பள்ளிகளில் செய்து காட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அளவுகளுக்கு, தண்டில் வெட்டுக்குறி போட்ட பிளாஸ்டிக் சிரிஞ்சு போதும். ஐந்து மில்லிக்கு ஒரு வெட்டு, பத்துக்கு இன்னொன்று. கண்ணாடிக் குடுவைகளுக்குப் பிரெய்ல் ஒட்டி, ஒவ்வொரு பொருளும் தட்டில் எங்கே இருக்கும் என்று நிலையான இடம் வகுத்துவிடுங்கள். பன்சன் அடுப்புக்குப் பதில் மின்தட்டு. வகுப்பு தொடங்குவதற்கு முதல் நாள் மாணவரை வெறும் ஆய்வகத்தில் நடக்கவிட்டு, கண் கழுவும் குழாயும் வெளியேறும் வாசலும் எங்கே என்று கையால் தொட்டு அறியச் செய்யுங்கள்.

உதவியாளர் ஒருவர் இருக்கலாம். அவருக்கு ஒரே விதி: மாணவர் சொல்லாததைச் செய்யக் கூடாது. மாணவர் தவறான அளவைச் சொன்னால், ஆபத்து இல்லாதவரை, அந்தத் தவறான அளவையே ஊற்ற வேண்டும். விடை பிசகட்டும், பிசகின் காரணத்தை மாணவரே தேடட்டும். அன்புமிக்க உதவியாளர்கள் முன்கூட்டியே எல்லாவற்றையும் செய்துமுடித்து, "நன்றாக வந்திருக்கிறது, எழுதிக்கொள்" என்பார்கள். அந்தப் பரிசோதனை உதவியாளருடையது.

நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கல்லூரியில் சரிவுப்பாதை கட்டியிருக்கிறார்களாம். போதுமா?

சரிவுப்பாதை எதில் போய் முடிகிறது என்று பாருங்கள். முதல்வர் அறை வரைக்கும்தான் பெரும்பாலும். வேதியியல் ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது. சேர்வதற்கு முன் ஒருமுறை ஆய்வகத்துக்கே போய்ப் பாருங்கள். நின்று வேலை செய்வதற்கான வழக்கமான மேசை உங்களுக்கு மார்பு உயரம் வரும். அமில வேலைக்கு அது ஆபத்து. அமெரிக்க அணுகல் விதிகள் மேசைப் பரப்பு 71 முதல் 86 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும், முழங்கால் உள்ளே போக இடம் வேண்டும் என்கின்றன. எல்லா மேசையையும் இடிக்க வேண்டாம். ஒரு மேசையைத் தாழ்த்தினால் போதும். ஊரில் உள்ள தச்சரே செய்துவிடுவார். அவசர நீர்த் தாரையின் சங்கிலி கைக்கு எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். கழிப்பறையை மறந்துவிடாதீர்கள், மூன்று மணி நேர ஆய்வக வகுப்பில் அதுதான் முதல் கேள்வி.

மகளுக்குக் காது கேட்காது. பாடத்தை எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார்களே?

போதாது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு எழுத்துத் தமிழும் ஆங்கிலமும் இரண்டாம் மொழிகள். சைகை மொழியே முதல் மொழியாக இருக்கலாம். அறிவியல் சொற்களுக்கான சைகைகள் இன்னும் குறைவு. இந்திய சைகை மொழி அகராதி 2021-இல் 10,000 சொற்களை எட்டியது. கல்லூரி வேதியியலுக்கு அது போதாது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில், காது கேளாத அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்து பிரிட்டிஷ் சைகை மொழியில் அறிவியல் சொற்களஞ்சியத்தை உருவாக்கியதுபோல இங்கும் நடக்க வேண்டும். அதுவரை மொழிபெயர்ப்பாளரும் மாணவியும் ஆசிரியரும் பாடம் தொடங்கும் முன்பே சைகைகளை ஒத்துக்கொள்வது நல்லது.

மொழிப்பாட விலக்கு இவர்களுக்கு உண்டு. அதிலும் என் எச்சரிக்கை பழையதுதான். ஆங்கில வாசிப்பை விட்டுவிட்டவருக்குப் பட்டப்படிப்பின் பாடநூல்கள் சுவராக நிற்கும். ஆஸ்திரேலியரான ஜான் கார்ன்ஃபோர்த் இளவயதிலேயே செவித்திறன் இழக்கத் தொடங்கினார். சிட்னி பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள் அவர் காதில் விழவில்லை. நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தானே படித்து, ஆய்வகத்தில் கையால் செய்து கற்றார். 1975-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அவரைக் கரைசேர்த்தது வாசிப்பு. ஆசிரியர்களுக்கு ஒன்று: பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். நிர்வாகத்துக்கு ஒன்று: தீ எச்சரிக்கை மணியோடு ஒரு சுழல் விளக்கையும் பொருத்துங்கள்.

எனக்கு நிறக்குருடு. வேதியியல் படிக்கலாமா?

படிக்கலாம். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கே நிறக்குருடு இருந்தது; 1794-இல் அதைப் பற்றி ஓர் ஆய்வுரையும் வாசித்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாட்டு வகைகளில் இது இல்லை, ஆகவே ஒதுக்கீடு கிடைக்காது. மேலே சொன்ன பிஎச் மீட்டர் உங்களுக்கும் உதவும்.

சொல்வதை எழுதுபவரை வைத்துத் தேர்வு எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம், அதாவது மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். எழுதுபவரின் கல்வித் தகுதி பற்றிய விதிகள் தேர்வுக்குத் தேர்வு, ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். அறிவியல் தேர்வில் உண்மையான சிக்கல் வேறு: சிக்மாவை எழுதத் தெரியாதவரும் அடுக்குக்குறியை எங்கே வைப்பதென்று தெரியாதவரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தேர்வுக்கு முந்தைய சில வாரங்களாவது, சமன்பாடுகளை வாயால் சொல்லி வேறொருவரை எழுதவைத்துப் பழகுங்கள்.

சான்றிதழில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எழுதுபவர் கிடையாது என்று யாராவது சொன்னால், 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள். எழுதுவதில் சிரமம் உள்ள மாற்றுத்திறனாளிக்கு அந்த எல்லைக்கோடு பொருந்தாது என்பதே தீர்ப்பு. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ளவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இடஒதுக்கீடு எவ்வளவு?

அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்கள். வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு. அரசுப் பணியில் 4 சதவீதம். அதில் பார்வை, செவித்திறன், இயக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதம். இதற்கு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்ற சான்று வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி அட்டையை இப்போதே வாங்கிவையுங்கள். கலந்தாய்வு வாரத்தில் மருத்துவக் குழுவின் வாசலில் நிற்காதீர்கள்.

மருத்துவம்?

நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது, நல்ல திசையில். குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் வைத்து எம்பிபிஎஸ் இடத்தை மறுக்கக் கூடாது, அந்த மாணவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று குழு தனியாக ஆராய வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. "இரு கைகளும் முழுமையாக இருக்க வேண்டும்" என்ற விதியை 2025 பிப்ரவரியில் அன்மோல் வழக்கில் கடுமையாகச் சாடியது. மருத்துவக் குழு நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீடு அதிலிருந்துதான் தொடங்கும்.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

எல்லோருக்கும் இருக்கும் நிச்சயமின்மைதான், கொஞ்சம் கூடுதலாக. மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட பட்டியலில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என 3,566 பணிகள் உள்ளன. எந்தப் பணிக்கு எந்த வகையினர் என்று அதில் இருக்கும். உங்கள் வகை விடுபட்டிருந்தால் உடனே மனம் தளர வேண்டாம். அந்தப் பட்டியல் கேள்வி கேட்கக்கூடாத வேதம் அல்ல. முனைவர் பட்டம் வரை போகிறவர்களுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை, ஆண்டுக்கு 200 இடங்களோடு இருக்கிறது. கணினி நிரல், புள்ளியியல், வானியல் தரவு, உயிர்த்தகவலியல் போன்ற துறைகளில் கருவிகள் ஏற்கெனவே பழக்கப்பட்டவை, நுழைவது எளிது. அதற்காக எல்லாப் பார்வையற்ற மாணவர்களையும் கணினிப் பக்கமே தள்ளிவிடுவது, முன்பு வரலாறு குரூப்பில் தள்ளியதன் புதிய வடிவம். வெர்மை கடற்கரைகளில் இறங்கித்தான் ஆய்வு செய்தார்.

கல்லூரி திறக்க இரண்டு மாதங்களே உள்ளன. எதை முதலில் செய்வது?

பாடநூல் பட்டியலை இன்றே கேட்டு வாங்குங்கள். கணிதமும் இயற்பியலும் வாசிக்கத்தக்க கோப்பாக மாறுவதற்கே அதிக நாளாகும், மற்றவை காத்திருக்கும். முழு நூலும் வேண்டாம், முதல் பருவத்தின் முதல் மூன்று அலகுகள் கையில் இருந்தால் போதும். மாற்றும்போதே பதிப்பகத்துக்கு மூலக் கோப்பு கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். பிறகு துறைத் தலைவரைச் சந்தித்து, ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் பேராசிரியரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தெரிந்தவர் ஆய்வக உதவியாளர். வாரத்தில் பல மணி நேரம் உங்களோடு இருக்கப்போகிறவரும் அவர்தான். அவரிடம் பேசுங்கள்.